மரமில்லாத மில்வாக்கி

அவர் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. நான் போனால் அவர் எழுந்து நின்றுகொண்டு என்னை உட்காரச் சொல்வார். இல்லையென்றால் அவர் உட்கார்ந்திருக்க, நான் சுவரோரம் நிற்பேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவது அந்த வீட்டில் நடக்காத காரியம். "இன்னொண்ணு வாங்கிப் போடலாம்லண்ணே" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாங்கிப் போட்டா எவனாச்சும் வந்து உக்காந்துருவான் தம்பி" என்றார்.

அப்போது உட்கார்ந்திருந்தவன் நான். அதை அவர் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

சிம்மக்கல்லில் ஒரு மொத்தப் பாத்திரக் கடைக்கு மேல், மாடியில், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். மதுரையில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வர ஆரம்பித்து, வந்த வேகத்தில் கெட்டுப்போகவும் ஆரம்பித்திருந்த காலம். எனக்கு நல்ல காலம். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது போடச் சொல்லித்தான் வருவார்கள். பாட்டு போடுங்க, படம் போடுங்க, வைரஸுக்கு மருந்து போடுங்க. எடுக்கச் சொல்லி வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

முதல் நாள் ஒரு பூத்துண்டில் பச்சைப் பிள்ளையைச் சுற்றுவது போல் லேப்டாப்பைச் சுற்றி எடுத்து வந்தார். ஒல்லியான ஆள், அறுபதை நெருங்குகிற வயது, முழுக்கைச் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருந்தார். மேஜையில் வைத்துவிட்டு, "இதுல என்னென்ன இருக்கு தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்குண்ணே."

"அதான் கேட்டேன். வேண்டாததெல்லாம் எடுத்துருங்க."

"எது வேண்டாதது?"

"பறக்குறதத் தவிர மத்தது."

அவருடைய மருமகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அந்த லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பொழுது போகட்டும் என்று விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் அதில் ஏற்றியிருந்தார். உலகத்தின் எந்த விமான நிலையத்திலிருந்தும் கிளம்பி எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். கீழே ஊர், ஆறு, சாலை எல்லாம் தெரியும். சின்னப் பையன்கள் அதில் ஏறி நேராகப் பெரிய கட்டடங்களில் கொண்டுபோய் முட்டுவார்கள். இவர் அதை விளையாட்டு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வண்டி என்பார். வேலை பார்த்த காலமெல்லாம் லாரி பார்சல் ஆபீஸில் இருந்தவர். நகர்கிற எதுவும் அவருக்கு வண்டிதான்.

"வண்டி அவ தெருவு வரும்போதுதான் தம்பி நிக்குது" என்றார்.

அவருடைய ஒரே மகள் மில்வாக்கியில் இருந்தாள். கடல் மாதிரி கிடக்கும் ஏரிக்கரை ஊர். அங்கே உள்ள விமான நிலையத்திலிருந்து ஒரு சின்ன விமானத்தைக் கிளப்பி, கரையோரமாகவே வடக்கே வந்து, இரண்டு பெரிய சாலைகள் குறுக்கிடும் இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் மகள் வீடு இருக்கும் பேட்டை. இதையெல்லாம் போனில் மகளிடம் வழி கேட்டே தெரிந்துகொண்டிருந்தார். அந்தப் பேட்டையில்தான் வீடும் மரமும் நெருக்கம். லேப்டாப்போ அடிமட்ட ரகம். விமானம் போகிற வேகத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் எடுத்து வரைந்து கொடுக்க அதற்குத் தெம்பு கிடையாது. தரை முதலில் நனைந்த பேப்பர் மாதிரிக் கலங்கும். அப்புறம் படம் விட்டுவிட்டு வரும். அப்புறம் விமானம் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். இன்ஜின் சத்தம் மட்டும் ஒரே இடத்தில் திக்கிக்கொண்டிருக்கும். மறுபடி படம் ஓட ஆரம்பிக்கும்போது மகள் தெரு பின்னால் போயிருக்கும்.

அவர் தினமும் போகிறார், தினமும் அந்தத் தெருவைப் பார்க்க முடியாமல் தாண்டிப் போகிறார். இதுதான் கோளாறு. நான் எத்தனையோ கோளாறு பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"ரேம் கொஞ்சம் கூட்டிப் போட்டா சரியாயிரும்ணே" என்றேன்.

"கூட்டிப் போடுறது எல்லாரும் செய்யிறதுதான். மேட்டுல வண்டி இழுக்கலைன்னா இன்ஜினையா மாத்துறோம்? ரெண்டு மூட்டைய எறக்குவோம். எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பாருங்க. அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வார்த்தைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் கடைக்குக் கீழே, பாத்திரக் கடையை ஒட்டி ஒரு டிபன் கடை உண்டு. அங்கே இட்லி சொல்லும்போதே சட்னி வேண்டாம் என்று சொல்லிவிடுவார். "வெல ஒண்ணுதான் சார், வாங்கிக்கங்க" என்று சர்வர் கெஞ்சுவான். "எலையில எதுக்கு எடத்த அடைக்குது" என்பார். பேப்பர் வாங்கினால் அங்கேயே நின்று விளம்பரத் தாள்களையும் இணைப்பையும் உருவி என் கடையில் போட்டுவிட்டு, மெலிந்த பேப்பரை எடுத்துக்கொண்டு போவார். என் மனைவி அந்த இணைப்புகளில் வரும் கோலங்களை வெட்டி வைத்துக்கொள்வாள். "ஒங்க மெலிஞ்ச மனுசன் இன்னிக்கு வரலையா?" என்று கேட்கும் அளவுக்கு அது பழக்கமாகிவிட்டது.

கல்யாணங்களுக்கு முகூர்த்தத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய்விடுவார். பந்தல்காரனும் சமையல்காரனும் மட்டும் இருக்கும் நேரம். பெண்ணோ மாப்பிள்ளையோ கண்ணில் பட்டால் கைகூப்பிவிட்டு, கூட்டம் சேருவதற்குள் பஸ் ஏறிவிடுவார். ஒருமுறை என் தங்கை மகள் கல்யாணத்துக்கு அப்படி வந்து, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவரிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கட்டிக்கொண்டிருந்தவர் என் மைத்துனர். யாரோ விலாசம் தவறி வந்தவர் என்று நினைத்தாராம்.

அவரை சாமியார் ரகம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அல்வா என்றால் உயிர். சட்டைக்குக் கஞ்சி சரியில்லை என்றால் சலவைக்காரரோடு சண்டை பிடிப்பார். ஆள்கள் மேல் வெறுப்பும் கிடையாது. ஆள்கள் சேர்ந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

மனைவி இறந்த வாரத்திலேயே அந்தம்மாவின் சேலைகளையெல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அப்போது அவர்கள் மஹாலுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருந்தார்கள். சுற்றிலும் சௌராஷ்டிரக் குடும்பங்கள், அவருடைய ஆட்கள். தெருவில் காலை வைத்தால் நாலு பேர் அவர்களுடைய வீட்டு மொழியில் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அதையும் விட்டுவிட்டு ஆனையூரில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். ஒரு சின்ன வேனில் பாதிகூட நிறையவில்லை என்று பெருமையாகச் சொல்வார். ஆனையூரில் அவருடைய மொழி தெரிந்தவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை. லேப்டாப்பில் விமானம் ஓட்டும்போது மட்டும் அந்த மொழி அவர் வாயிலிருந்து வரும். மெல்ல, கொஞ்சுகிற மாதிரி, விமானத்திடம் ஏதோ சொல்லிக்கொண்டே போவார். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. மாட்டிடம் பேசுகிற தொனி என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், பிள்ளையிடம் பேசுகிற தொனி.

எடுக்க ஆரம்பித்தோம். லேப்டாப் திறக்கும்போதே தானாகக் கிளம்பி உட்கார்ந்துகொள்ளும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பிரிண்டருக்கானது. "எடுங்க." படம் பார்ப்பதற்கானது. "எடுங்க." மணிக்கொரு தரம் வந்து புதுசு வேண்டுமா என்று கேட்பது. "அவன மொதல்ல எடுங்க." திரையில் ஓடும் மீன், பின்னணிப் படம், ஒவ்வொரு கிளிக்குக்கும் வரும் சத்தம் எல்லாம் போயின. விளையாட்டுக்குள் போய் மற்ற நாடுகளின் நுணுக்கமான காட்சிகளை நீக்கினேன். ஐரோப்பா போனது, ஜப்பான் போனது. மதுரையை எடுக்கலாமா என்று கேட்டேன். "நாம இங்கதான இருக்கோம். அது எதுக்கு?" என்றார். மதுரையும் போனது.

டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததை ஒன்று சேர்த்து அடுக்கினேன். விசிறியில் அடைத்திருந்த தூசியை ஊதி எடுத்தேன். அடியில் காற்றுப் போக இரண்டு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கச் சொன்னேன். அவர் வீட்டில் ஒரு டம்ளர்தான் உண்டு என்பதால் இரண்டு பாதிச் செங்கலைக் கழுவி வைத்தார்.

அப்படியும் நின்றது. அப்புறம் மில்வாக்கியிலேயே கை வைத்தோம். சாலையில் ஓடும் கார்களை எடுத்தோம். வானத்தில் மற்ற விமானங்களை எடுத்தோம். மேகத்தை எடுத்தோம். தூரத்தில் ஒரு மூட்டம் போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பதை லேப்டாப் வரைய வேண்டியதில்லை என்று சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "நல்ல யோசன. கண்ணுக்கு முன்னாடி இருக்குறது தெரிஞ்சாப் போதும்ல" என்றார். கடைசியில் மரங்களையும் வீடுகளையும் முழுக்க எடுத்தோம். விமானம் வழுக்கிக்கொண்டு போய் மகள் தெருவுக்கு மேல் நிற்காமல் வட்டமடித்தது.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பச்சையும் சாம்பலுமான தரையில் ஒரு கோடு. அதன் வளைவில் விரலை வைத்து, "இதான்" என்றார். அந்தக் கண்களை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. வேலை முடிந்தது என்று எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் நிறுத்தவில்லை. மறு வாரமே வந்தார். திரும்புகிற இடத்தில் ஒரு சின்னக் குலுக்கல் இருக்கிறதாம். இன்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மிஞ்சியிருந்தது மெசஞ்சர் ஒன்றுதான். அந்த புரோகிராமை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கேமராவில் வந்து பேசுவாள். அங்கே அவளுக்கு சனிக்கிழமை ராத்திரி, வேலையெல்லாம் முடிந்து கிடைக்கும் நேரம்.

"இது ஒங்க பொண்ணு பேசுறதுண்ணே" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அது பாட்டுக்கு உள்ள உக்காந்து தின்னுக்கிட்டுத்தான இருக்கு?"

"இருக்கு. அதுக்காக எடுக்கவா முடியும்?"

"அதுலயும் அவ மொகம் நின்னு நின்னுதான் தம்பி வருது. வாயி ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம். பாதிப் பேச்சுல அப்படியே நின்னுருது. பாக்க சகிக்கல. போன் இருக்குல்ல, பேசிக்கிறேன். எடுங்க."

எடுத்துவிட்டேன். குலுக்கல் போனது.

போனில் அவர் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். தந்தி கொடுப்பது போல இருக்கும். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். வேற? வைக்கட்டா?

சில மாதம் கழித்து அந்தப் பெண் என் கடைக்குப் போன் செய்தாள். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போன விடுமுறையில் அதற்குப் பேட்டரி வாங்க என் கடைக்கு வந்தபோது மருமகன் என் நம்பரை வாங்கிப் போயிருந்தார். "அண்ணே, அப்பா லேப்டாப்பு ரிப்பேராண்ணே? ஆன்லைன்லயே வரமாட்டேங்குறாரு."

ரிப்பேர் இல்லை, நன்றாகவே ஓடுகிறது என்றேன். எதை எடுத்தோம் என்பதையும் சொன்னேன்.

"போன்ல எது கேட்டாலும் 'ம்'தான்ணே. அவரு சாப்பிடுறாரா இல்லையான்னு மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அப்படித்தான், போன்ல நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் வந்து பாக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் போயிப் பாருங்கண்ணே."

அன்று சாயங்காலமே ஆனையூருக்குப் போனேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதே என்ன திட்டலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அவர் பறந்துகொண்டிருந்தார். இங்கே விளக்கு வைக்கிற நேரம் என்றால் அங்கே காலை. விளையாட்டுக்குள்ளும் கடிகாரத்தை மகள் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். ஏரி மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி. இப்பத்தான் புள்ளைய பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத் திரும்புவா. நல்ல நேரத்துல வந்தீங்க."

"அண்ணே, ஒங்கள ஒருதரம் பாக்கணுங்குது ஒங்க பொண்ணு."

"நான் தெனம் பாக்குறேன்ல" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க பாக்குறீங்க. அது எதப் பாக்கும்?"

விமானம் சாம்பல் நிறக் கோட்டின் மேல் சாய்ந்து திரும்பியது. தன் மொழியில் அதனிடம் ஏதோ சொன்னார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடுப்படியில் ஒரு பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது, மதியத்துக்கா காலைக்கா தெரியவில்லை. சுவர்களில் ஒன்றுமில்லை, ஆணிகூட இல்லை. திட்ட வந்ததே எனக்கு மறந்துபோனது. என் வீட்டில் அந்த நேரத்துக்கு டிவி ஒரு பக்கம் கத்தும், பிள்ளைகள் ஒரு பக்கம் கத்தும், வாசலில் ஆட்டோ ஹாரன் கத்தும். எங்கேயாவது கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று ஏங்குகிறவன் நான். அது முழுசாகக் கிடைத்த வீட்டில் அன்று என்னால் நிற்க முடியவில்லை. "பேசுங்கண்ணே அதுகூட" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மகள் அந்த வருஷம் ஆனி மாதத்தில் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளையோடு வந்தாள். வந்தது விடுமுறைக்கு என்று சொன்னாலும் எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனையூரில் அந்தத் தெருவுக்கு பிராட்பேண்ட் அடிக்கடி போய்விடும். அதைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தால் லைன் இருக்கிறது, அணைந்தால் இல்லை என்று அவருக்கு நான் எப்போதோ சொல்லிக் கொடுத்ததை அவளுக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒற்றை நாற்காலியில் அவர் இருந்தார். மகளும் பேத்தியும் தரையில்.

"இங்க வா, ஒன் வீட்டக் காட்டுறேன்" என்று பேத்தியைக் கூப்பிட்டார். அந்தக் குழந்தைக்குத் தமிழும் சரியாக வராது, அவர்கள் மொழியும் வராது. ஆனாலும் போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் விமானத்தைக் கிளப்பினார். ஏரி, கரை, இரண்டு சாலைகள் குறுக்கிடும் இடம், இடப்பக்கத் திருப்பம். ஒரு குலுக்கல் இல்லை. மகள் எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இதான் ஒங்க தெருவு" என்று விரலை வைத்தார்.

குழந்தை அம்மாவைப் பார்த்து இங்கிலீஷில், நம்ம வீடு எங்கே என்று கேட்டது. நானும் அப்போதுதான் அந்தத் திரையை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தரைதான். சாலை இருந்தது, கார் இல்லை. வீடு இல்லை, மரம் இல்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை. சுற்றிலும் நாங்கள் போட்டு வைத்த மூட்டம்.

எனக்கும் புரியட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மகள் தமிழில்தான் கேட்டாள். "எங்க வீட்டு முன்னாடி ரெண்டு பெரிய மரம் நிக்கும்ப்பா. எதுத்த வீட்டுக் கெழவி சாயங்காலமானா வெளிய வந்து உக்காந்திருக்கும். பிள்ளைக தெருவுல சைக்கிள் ஓட்டும். இதுல ஒரு ஆளக்கூடக் காணோமேப்பா."

"ஆளு இருந்தா நின்னுரும்மா" என்றார் அவர்.

சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வந்தால் நனையும் என்பது போல. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அந்த வெறும் சுவர்களைப் பார்த்தாள். "அப்படியாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் அவர் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தார். குழந்தை அலுத்துப்போய் வாசலுக்கு ஓடிவிட்டது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மகள் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் அரை டஜன் டம்ளர்களும் வாங்கிப் போட்டாள். மெசஞ்சரை அவளே மறுபடி ஏற்றினாள். அம்மாவின் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்து, பக்கத்து வீட்டில் சுத்தியல் கேட்டு ஆணி அடித்து மாட்டினாள். அவர் தடுக்கவில்லை.

வழியனுப்ப விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெளியே சாலையோரத்தில், கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் நின்றோம். ஆனிக் காற்று புழுதியை வாரி அடித்தது. விமானம் ஓடுபாதையில் ஓடி, எழும்பி, சரிந்து திரும்பி, சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. அவர் அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்காமப் போயிருச்சு" என்றார்.

திரும்பி வரும்போது என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தவர், ஆனையூர் வரை என் தோளைப் பிடித்திருந்தார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதாக ஞாபகமில்லை.

மறு வாரம் பூத்துண்டில் சுற்றிய லேப்டாப்போடு படியேறி வந்தார்.

"எடுத்ததெல்லாம் திரும்பப் போடுங்க தம்பி."

"எல்லாமேவாண்ணே?"

"மரம், வீடு, காரு. சைக்கிள் ஓட்டுற பிள்ளைக இருக்குமா?"

"பிள்ளைகல்லாம் அதுல கெடையாதுண்ணே."

"சரி, இருக்குறதப் போடுங்க."

"போட்டா பழையபடி தெருவு வரும்போது நின்னுரும்."

"நிக்கட்டும்" என்றார்.

இந்தத் தடவை ரேமும் கூட்டச் சொன்னார். போட்டேன். அந்த லேப்டாப்பில் அதற்கு மேல் போட இடமில்லை. கொஞ்சம் பரவாயில்லை என்று ஆனதே தவிர நிற்பது நிற்கத்தான் செய்தது. மகள் தெருவுக்கு மேலே வந்ததும் விமானம் அந்தரத்தில் நின்றுவிடும். முன்பென்றால் துடித்துப்போவார். இப்போது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். மரங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். "பொறுங்க, வந்துக்கிட்டு இருக்கு" என்று எனக்குச் சமாதானம் சொல்வார். வந்து முடிப்பதற்குள் விமானம் தாண்டிப் போயிருக்கும். திரும்பவும் ஏரிக்கரையிலிருந்து ஆரம்பிப்பார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நான் கடையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டேன். அவருடைய நம்பரும் மாறிப்போனது. அன்று ஆனையூருக்கு வேறு வேலையாக வந்தவன், எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். வாசலிலேயே அவருடைய மொழியில் ஒரு பெண் குரல் கேட்டது. நடுவே ஒரு குழந்தையின் சிரிப்பு. நான் செருப்பைக் கழற்றும்போது குரல் பாதிச் சொல்லில் நின்றது.

உள்ளே போனேன். திரையில் மகள் முகம் அசையாமல் நின்றிருந்தது. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, ஒரு கன்னம் கட்டங்கட்டமாகக் கலைந்துபோய். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வாங்கிப் போட்ட நாற்காலிகள் மூன்றும், இடத்தை அடைக்காமல், மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

என் தொழில் புத்தி, கை தானாகப் போனது. மூடிவிட்டு மறுபடி கூப்பிட்டால் வந்துவிடும்.

"தொடாதீங்க தம்பி" என்றார். "பொறுங்க. வந்துக்கிட்டு இருக்கா."

அப்போதுதான் மோடத்தைப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. லைன் போய்விட்டது, அவர் எவ்வளவு பொறுத்தாலும் அந்த முகம் அதற்கு மேல் நகராது. அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் மோடம் இருந்தது. அந்த விளக்கைப் பற்றி அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவர் எழுந்துபோய் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி எடுத்து, துண்டால் தூசி தட்டி, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பவும் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.